உணர்ச்சி ஒழுங்குபடுத்தல் வினாநிரலைத் துருக்கிய மொழிக்குத் தகவமைத்தல்: புதிய ஆய்வாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேறொரு மொழியில் உருவான உளவியல் வினாநிரலைத் தாம் ஆராயும் மக்களின் மொழிக்குக் கொண்டுவருவது, ஆய்வுத்துறையில் புதிதாக நுழைவோர் பலரும் முதலில் ஏற்கும் பணிகளுள் ஒன்று. துருக்கியில் முதுகலை, முனைவர் பட்ட ஆய்வுகளில் இது மிகவும் பரவலானது. பத்து வாக்கியங்களை மொழிபெயர்த்து, சில நூறு மாணவர்களிடம் நிரப்பி வாங்கி, கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரான்பாக் ஆல்ஃபாவைக் கணக்கிட்டுவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் அங்கும் உண்டு, மற்ற நாடுகளிலும் உண்டு. அந்த எண்ணத்தோடு தொடங்குவோர் தம் உழைப்பின் பெரும்பகுதியைக் கணிப்பொறியின் முன் செலவிடுகிறார்கள். ஆனால் ஒரு தகவமைப்பு தேறுவதும் தவறுவதும் பெரும்பாலும் அதற்கு முன்பே, ஒரு கூற்றைப் படிக்கும் மனிதர் அதை என்னவாகப் புரிந்துகொள்கிறார் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டி அந்தக் கட்டத்திற்கே அதிக இடம் தருகிறது.

மூலக் கருவியை அறிதல்

இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்வது, உளவியலாளர்கள் ஜேம்ஸ் க்ராஸ், ஆலிவர் ஜான் இருவரும் 2003-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட உணர்ச்சி ஒழுங்குபடுத்தல் வினாநிரல். இதில் 10 கூற்றுகள் உள்ளன. 1, 3, 5, 7, 8, 10 ஆகிய ஆறும் மறுமதிப்பீட்டை, அதாவது ஒரு சூழ்நிலையைப் பற்றி நினைக்கும் விதத்தை மாற்றி அதனால் எழும் உணர்ச்சியையும் மாற்றிக்கொள்ளும் பழக்கத்தை அளக்கின்றன. 2, 4, 6, 9 ஆகிய நான்கும் அடக்குதலை, அதாவது உள்ளே எழுந்துவிட்ட உணர்ச்சி முகத்திலும் பேச்சிலும் தெரியாமல் தடுக்கும் பழக்கத்தை அளக்கின்றன. விடைகள் 1 முதல் 7 வரையிலான எண்களில் அமைகின்றன. 1 என்பது முற்றிலும் உடன்படாமையையும், 4 நடுநிலையையும், 7 முற்றிலும் உடன்படுதலையும் குறிக்கும். எதிர்த்திசையில் மதிப்பிட வேண்டிய கூற்று எதுவும் இல்லை. இரண்டு துணை அளவுகோல்களுக்கும் தனித்தனியே சராசரி எடுக்க வேண்டும். மூல ஆய்வில் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று சாராத பழக்கங்களாக வெளிப்பட்டதால், பத்தையும் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்குவதற்குப் பொருள் இல்லை.

இதன் பின்னணியில் இருப்பது க்ராஸ் முன்வைத்த செயல்முறை மாதிரி. உணர்ச்சி முழுமையாக உருவாகும் முன் தலையிடும் உத்திகள் ஒரு வகை, உருவான பின் அதன் வெளிப்பாட்டில் தலையிடும் உத்திகள் மற்றொரு வகை என்று அது பிரிக்கிறது. மறுமதிப்பீடு முதல் வகை. அடக்குதல் இரண்டாம் வகை. இந்த வேறுபாட்டை மொழிபெயர்ப்பாளருக்கு விளக்கத் தெரியாத ஆய்வாளர், மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கவும் இயலாதவராகிவிடுவார்.

பலரும் கவனியாது விடும் குறிப்பு ஒன்று உண்டு. கூற்றுகளின் வரிசையை மாற்றக் கூடாது என்பது மூல ஆசிரியர்களின் அறிவுறுத்தல். முதல் கூற்றில் நேர்மறை உணர்ச்சிக்கு மகிழ்ச்சி போன்ற எடுத்துக்காட்டுகளும், மூன்றாம் கூற்றில் எதிர்மறை உணர்ச்சிக்குத் துயரம், சினம் போன்ற எடுத்துக்காட்டுகளும் தரப்பட்டுள்ளன. பின்வரும் கூற்றுகள் அந்த விளக்கத்தை நம்பியே அமைந்தவை. இணையப் படிவத்தில் வரிசையைக் கலைத்துக் காட்டும் வசதியை இயக்கிவிட்டால், 'எதிர்மறை உணர்ச்சி' என்பதை விளக்கம் படிக்காமலேயே சந்திக்கும் பங்கேற்பாளர்கள் தோன்றிவிடுவார்கள்.

உங்கள் ஆய்வுக் கேள்விக்கு இந்தக் கருவிதான் பொருந்துமா என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஒருவர் தம் உணர்ச்சிகளைக் கையாள்வதில் எவ்வளவு இடர்ப்படுகிறார் என்று அறிய விரும்பினால், க்ராட்ஸ், ரோமர் இருவரும் 2004-இல் உருவாக்கிய, 36 கூற்றுகளும் 6 துணை அளவுகோல்களும் கொண்ட உணர்ச்சி ஒழுங்குபடுத்தல் இடர்ப்பாட்டு அளவுகோலே ஏற்றது. அதன் துருக்கிய வடிவத்தை ருகான்ஜி, கென்ச்சோஸ் இருவரும் 2010-இல் வெளியிட்டுவிட்டார்கள். துன்பமான நிகழ்வுக்குப் பின் மனத்தில் ஓடும் எண்ண உத்திகளை விரிவாக அறிய விரும்பினால், கார்னெஃப்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2001-இல் வெளியிட்ட 9 துணை அளவுகோல்கள் கொண்ட வினாநிரல் இருக்கிறது. பெயர் ஒத்திருப்பதைக் கண்டு கருவியைத் தேர்ந்தெடுப்பது, பின்னர் எந்தப் புள்ளியியலாலும் சரிசெய்ய முடியாத பிழை.

ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுதல்

துருக்கியில் இதற்கு மூன்று இடங்களில் தேட வேண்டும்: உயர்கல்வி மன்றத்தின் தேசிய ஆய்வேட்டு மையம், தெர்கிபார்க் என்னும் ஆய்விதழ்த் தளம், துருக்கிய அளவீட்டுக் கருவிகள் அட்டவணை. இந்த வினாநிரலுக்கே எல்தெலெக்லியோலு, எரோலு இருவரின் தகவமைப்பு 2015-இல் வெளியாகியிருக்கிறது. அப்படியானால் புதிதாக ஒன்று எதற்கு என்ற கேள்விக்கு எழுத்தில் விடை வைத்திருக்க வேண்டும். ஏற்றுக்கொள்ளத்தக்க காரணங்கள் உண்டு: வளரிளம் பருவத்தினரிடம் பயன்படுத்த வேண்டியிருக்கலாம், மருத்துவமனைக்கு வருவோரிடம் அது சோதிக்கப்படாதிருக்கலாம், ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த துருக்கியர்களின் பேச்சு வழக்குக்கு அது பொருந்தாதிருக்கலாம். இத்தகைய காரணம் இல்லாதபோது, இருக்கும் வடிவத்தைப் புதிய மக்கள் பிரிவில் சோதிப்பதே துறைக்குச் செய்யும் நன்மை. ஒரே கருவிக்குப் பல துருக்கிய வடிவங்கள் புழங்கினால், எந்த ஆய்வின் முடிவை எதனோடு ஒப்பிடுவது என்றே தெரியாமல் போய்விடும்.

மொழிபெயர்க்கத் தொடங்கும் முன் மூல ஆசிரியர்களுக்கு மடல் எழுதி இசைவு பெறுங்கள். இந்த வினாநிரல் ஆய்வுப் பயன்பாட்டுக்குத் திறந்தே இருக்கிறது என்றாலும், எழுத்து இசைவை நெறிமுறைக் குழுவும் ஆய்விதழும் கேட்கும். அதே மடலில் வேறு எவரேனும் துருக்கிய வடிவத்தில் உழைத்துக்கொண்டிருக்கிறார்களா என்றும் கேட்டுவிடலாம்.

எந்த நெறிமுறையைப் பின்பற்றுவது

இரண்டு ஆவணங்களை அருகில் வைத்துக்கொண்டால் போதும். முதலாவது, பன்னாட்டுச் சோதனை ஆணையம் 2017-இல் இரண்டாம் பதிப்பாக வெளியிட்ட மொழிபெயர்ப்பு, தகவமைப்பு வழிகாட்டுதல்கள். முன்நிபந்தனை முதல் ஆவணப்படுத்தல் வரை ஆறு தலைப்புகளில் 18 வழிகாட்டுதல்கள் அதில் உள்ளன. இரண்டாவது, பீட்டனும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட படிமுறை. முன்னது என்ன சான்று தேவை என்று சொல்கிறது. பின்னது எந்த வேலையை எவர் எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று சொல்கிறது.

முன்மொழிபெயர்ப்பு

துருக்கியத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க வேண்டும். ஒருவர் உளவியல் அறிந்தவராகவும், கருவி எதை அளக்கிறது என்று தெரிந்தவராகவும் இருக்கட்டும். மற்றவர் உளவியலோடு தொடர்பில்லாதவராகவும், கருவியின் நோக்கம் சொல்லப்படாதவராகவும் இருக்கட்டும். முதலாமவர் கருத்தின் துல்லியத்தைக் காப்பார். இரண்டாமவர் மக்கள் உண்மையில் பேசும் மொழியைக் கொண்டுவருவார். இருவருமே உளவியல் துறையினராக அமைந்துவிட்டால், பாடநூல் நடையில் ஒரு வினாநிரல் உருவாகி, அதை உளவியல் மாணவர்கள் மட்டுமே எளிதாகப் படிப்பார்கள்.

துருக்கியமும் தமிழைப் போலவே சொல்லோடு விகுதிகளை அடுக்கிச் செல்லும் மொழி. வினை இறுதியில் வரும். 'நான்' என்று சொல்லாமலேயே வினைமுற்று தன்மையைக் காட்டிவிடும். ஆகவே 'இன்னின்ன உணர்ச்சி வேண்டும்போது, நான் இதைச் செய்கிறேன்' என்ற கூற்றின் அமைப்பு இயல்பாகவே பொருந்துகிறது. இடர்கள் வேறு இடங்களில் இருக்கின்றன.

முதல் இடர், காலம். துருக்கியத்தில் வழக்கமாகச் செய்வதைக் குறிக்க ஒரு வினைவடிவமும், இப்போது நடந்துகொண்டிருப்பதைக் குறிக்க மற்றொரு வடிவமும் உள்ளன. இரண்டாம் கூற்று, 'என் உணர்ச்சிகளை எனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன்' என்ற பொருளுடையது. அதை 'சக்லாரிம்' என்று முடித்தால் அது ஒருவரின் நிலையான பழக்கம். 'சக்லியோரும்' என்று முடித்தால் இந்நாட்களில் அப்படி இருக்கிறேன் என்ற சாயல் வந்துவிடும். வினாநிரல் அளப்பது பழக்கத்தை. எனவே பத்துக் கூற்றுகளிலும் வழக்கத்தைக் காட்டும் வடிவமே வர வேண்டும். ஒன்றிரண்டில் மாறிவிட்டாலும் அந்தக் கூற்றுகள் மற்றவற்றோடு ஒட்டாமல் தனியே நிற்கும்.

இரண்டாம் இடர், எதிர்மறை. துருக்கியத்தில் எதிர்மறை என்பது வினையின் நடுவே நுழையும் ஓர் அசை. 'வெளிக்காட்டுவதில்' என்பதற்கும் 'வெளிக்காட்டாமலிருப்பதில்' என்பதற்கும் இடையே 'எத்மெயெ', 'எத்மெமெயெ' என்ற அளவுக்கே வேறுபாடு இருக்கும். வேகமாகப் படிப்பவர் அந்த ஓர் அசையைத் தாண்டிச் சென்றுவிட்டால், விடை நேர்எதிராகிவிடும். அடக்குதலை அளக்கும் நான்கில் 4, 6, 9 ஆகிய மூன்றும் இவ்வாறு எதிர்மறையைத் தாங்கி நிற்பவை என்பதால், இது சிறிய விவரம் அன்று. மேலும், எதிர்மறைக் கூற்றுக்கு 'உடன்படவில்லை' என்று விடையளிப்பவர் இரண்டு எதிர்மறைகளை மனத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. வாக்கியத்தைக் குறுக்குவதும், எதிர்மறை விகுதி ஏறிய சொல்லுக்கு முன் நீண்ட தொடர்கள் வராமல் பார்த்துக்கொள்வதும் ஓரளவு உதவும்.

மூன்றாம் இடர், உணர்ச்சிப் பெயர்கள். முதல் கூற்றில் மகிழ்ச்சியோடு வரும் இரண்டாம் எடுத்துக்காட்டு, ஒன்றைக் கண்டு வேடிக்கையாக உணர்வதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். அகராதி அதற்கு 'எலெஞ்ஜெ' என்று தருகிறது. ஆனால் துருக்கியர் பலருக்கு அச்சொல் நினைவூட்டுவது கேளிக்கை நிகழ்ச்சியையும் வெளியே சென்று களிப்பதையும். அது செயலின் பெயராகவே நிற்கிறது, மனநிலையின் பெயராக நிற்பதில்லை. 'நெஷெ', 'கெயிஃப்' போன்ற சொற்களையும் வைத்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இடர்ப்பாட்டு அளவுகோலைத் துருக்கியத்திற்குக் கொண்டுவந்தவர்கள் இத்தகைய ஒரு சிக்கலை நன்றாகக் கையாண்டிருக்கிறார்கள். அதில் திரும்பத் திரும்ப வரும் ஆங்கிலச் சொல், மனம் கலங்கிய நிலை எதையும் குறிக்கக்கூடிய பொதுச்சொல். அதற்குத் துயரத்தை மட்டும் குறிக்கும் சொல்லை இட்டால் சினமும் பதற்றமும் வெளியே போய்விடும். அவர்கள் 'என்னை மோசமாக உணரும்போது' என்ற பொருள்படும் அன்றாடத் துருக்கியத் தொடரை வைத்தார்கள். சொல்லுக்குச் சொல் பொருந்தாவிட்டாலும், அளக்க வேண்டிய பரப்பு முழுவதையும் அது தொடுகிறது.

நான்காவது, இந்த வினாநிரலுக்கே உரிய நுணுக்கம். 1, 3 ஆகிய கூற்றுகள் 'எதைப் பற்றி நினைக்கிறேனோ அதை மாற்றுகிறேன்' என்கின்றன. 7, 10 ஆகியவை 'சூழ்நிலையைப் பற்றி நினைக்கும் விதத்தை மாற்றுகிறேன்' என்கின்றன. முன்னதில் கவனத்தை வேறு பொருளுக்குத் திருப்பிக்கொள்வதன் சாயல் கலந்திருக்கிறது. பின்னதே தெளிவான மறுமதிப்பீடு. மூன்றாம் கூற்றை நீக்கி 9 கூற்றுகளாகப் பயன்படுத்தும் வடிவம் ஒன்றை 2014-இல் ஸ்பாப்பெனும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்தது நினைவில் இருக்கட்டும். மொழிபெயர்ப்பாளர் நான்கையும் ஒரே நடையில் அழகாக எழுதிவிட்டால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். வேறுபாட்டை மிகைப்படுத்தி எழுதினால் மூலத்தில் இல்லாத அளவுக்கு அது பெரிதாகிவிடும். மூலத்தில் எவ்வளவு வேறுபாடு இருக்கிறதோ அவ்வளவே இங்கும் இருக்க வேண்டும்.

இரு மொழிபெயர்ப்புகளும் வந்தபின், மொழிபெயர்ப்பாளர்கள் இருவரும் பதிவாளர் ஒருவரும் அமர்ந்து ஒரே வடிவமாக்க வேண்டும். எந்தக் கூற்றில் எந்தச் சொல் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது, எது ஏன் விலக்கப்பட்டது என்பதை அப்போதே எழுதிவையுங்கள். சில மாதங்கள் கழித்து ஒரு கூற்று காரணிப் பகுப்பாய்வில், அதாவது எந்தக் கூற்றுகள் ஒன்றுசேர்ந்து ஒரே பண்பை அளக்கின்றன என்று பார்க்கும் கணக்கில், தடுமாறும்போது, முதலில் திறந்து பார்க்க வேண்டிய ஆவணம் இதுவே.

பின்மொழிபெயர்ப்பும் வல்லுநர் குழுவும்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டு துருக்கியம் நன்கு அறிந்த இருவர், மூலத்தைப் பாராமல், துருக்கிய வடிவத்தை ஆங்கிலத்திற்குத் திருப்ப வேண்டும். ப்ரிஸ்லின் 1970-இல் எழுதிய கட்டுரைக்குப் பின் இம்முறை எங்கும் பரவிவிட்டது. ஆனால் இதற்குத் தரப்படும் மதிப்பு தேவைக்கு மிஞ்சியது என்பது என் கருத்து. சொல்லுக்குச் சொல் பெயர்த்த மோசமான மொழிபெயர்ப்புதான் பின்மொழிபெயர்ப்பில் மிக அழகாகத் திரும்பி வரும். முன்சொன்ன 'எலெஞ்ஜெ' ஆங்கிலத்திற்குத் திரும்பும்போது மூலச் சொல்லாகவே திரும்பக்கூடும். துருக்கிய வாசகரின் மனத்தில் அது கேளிக்கையாக நின்றதை எவரும் காணமாட்டார்கள். எனவே பின்மொழிபெயர்ப்பை வெளிப்படையான பிழைகளைப் பிடிக்கும் வலையாக மட்டும் கொள்ளுங்கள்.

வல்லுநர் குழுவில் உளவியலாளர், அளவீட்டுத் துறையினர், துருக்கிய மொழியறிஞர், மொழிபெயர்ப்பாளர்கள் ஆகியோர் இடம்பெற வேண்டும். அவர்களின் மதிப்பீட்டை எண்ணாக்கத் துருக்கிய ஆய்வுகளில் லாஷி 1975-இல் தந்த விகிதத்தைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அது ஒரு கூற்று தேவையா, இல்லையா என்று கேட்கும் முறை. புதிய அளவுகோலை உருவாக்கும்போது பொருந்தும். இங்கே பத்துக் கூற்றுகளும் முன்பே தீர்மானிக்கப்பட்டவை. கேட்க வேண்டியது மூலத்தின் பொருள் வந்திருக்கிறதா, துருக்கியம் இயல்பாக இருக்கிறதா என்பதே. ஆகவே நான்கு படிகளில் பொருத்தத்தை மதிப்பிட்டு, உள்ளடக்க ஏற்புடைமைக் குறியீட்டை, அதாவது கூற்று பொருத்தமானது என்று சொன்ன வல்லுநர்களின் விகிதத்தை, கணக்கிடுவது மேல். லின் 1986-இல் தந்த வரம்பின்படி, வல்லுநர்கள் ஐவர் வரை இருந்தால் அனைவரும் உடன்பட வேண்டும். ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் ஒவ்வொரு கூற்றும் குறைந்தது 0.78 பெற வேண்டும்.

விடையளிப்போரிடம் கேட்டறிதல்

பீட்டனின் படிமுறை 30 முதல் 40 பேரிடம் முன்னோட்டச் சோதனை செய்யச் சொல்கிறது. பல ஆய்வுகளில் இது 'கூற்றுகள் புரிந்தன என்று பங்கேற்பாளர்கள் கூறினர்' என்ற ஒரே வரியாகச் சுருங்கிவிடுகிறது. 'புரிகிறதா' என்று கேட்டால் பெரும்பாலோர் 'புரிகிறது' என்றே சொல்வார்கள். அந்த விடையால் பயனில்லை. ஒவ்வொருவரோடும் தனியே அமர்ந்து, கூற்றைப் படித்தபின் மனத்தில் எழுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்ய வேண்டும். பின்பு, 'இதை உங்கள் சொற்களில் சொல்லுங்கள்', 'எந்த நிகழ்வை நினைத்து 5 என்று குறித்தீர்கள்', '5-க்கும் 6-க்கும் என்ன வேறுபாடு கண்டீர்கள்' என்று கேட்க வேண்டும்.

இந்த நேர்காணல்களில் மாணவர்கள் மட்டும் இருந்தால் போதாது. இஸ்தான்புல் பல்கலைக்கழக மாணவி ஒருவரும், அனத்தோலியச் சிற்றூர் ஒன்றில் தொடக்கக் கல்வியோடு நின்ற ஐம்பது வயதுக்காரர் ஒருவரும் ஒரே கூற்றை ஒரே விதமாகப் படிப்பார்கள் என்று கொள்ள இடமில்லை. 'சூழ்நிலையைப் பற்றி நினைக்கும் விதத்தை மாற்றுகிறேன்' என்பது தம் எண்ணத்தையே எட்ட நின்று பார்க்கப் பழகியவர்களுக்கு எளிது; மற்றவர்களுக்கு அது வெறும் சொற்கோவையாக நிற்கக்கூடும்.

அடக்குதல் கூற்றுகளில் பண்பாடு நேரடியாகப் பேசுகிறது. உணர்ச்சிகளைத் தனக்குள் வைத்துக்கொள்வதாகச் சொல்பவர், யாரிடமிருந்து என்று திருப்பிக் கேட்கலாம். மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி, தந்தையின் முன் எதையும் காட்டாதிருப்பவர் எந்த எண்ணைக் குறிப்பது? மூத்தோர் முன் சினத்தையோ களிப்பையோ அடக்கிக்கொள்வது துருக்கியக் குடும்பங்களில் மரியாதையின் ஒரு வடிவமாகவும் இருக்கிறது. நான்காம் கூற்று நேர்மறை உணர்ச்சிகளை வெளிக்காட்டாமல் கவனமாக இருப்பதைப் பற்றியது. துருக்கியில் கண்ணேறு பற்றிய நம்பிக்கை மிகப் பரவலானது. வீட்டு வாசலிலும் குழந்தையின் உடையிலும் நீலக் கண்மணி தொங்குவதைக் காணலாம். தன் மகிழ்ச்சியைப் பிறர் அறியாமல் காப்பவர் கண்ணேற்றுக்கு அஞ்சியும் அப்படிச் செய்யலாம். அவர் தரும் 6, மூல ஆய்வில் அமெரிக்க மாணவர் ஒருவர் தந்த 6-இன் அதே உளநிலையிலிருந்து வந்ததா என்பதை எண்களை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. நேர்காணலில் இத்தகைய விடைகள் வந்தால் கூற்றை மாற்றத் தேவையில்லை; ஆனால் முடிவுகளுக்குப் பொருள் சொல்லும்போது அவை உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இங்கே வெளிப்படும் குறைகளைத் திருத்தி, திருத்திய கூற்றுகளை வேறு சிலரிடம் மீண்டும் சோதியுங்கள். புதிய குறை எதுவும் வராத நிலை வரும்வரை இதைத் தொடர்வது, பின்னால் ஆகும் பெருஞ்செலவைத் தவிர்க்கும்.

துருக்கிய ஆய்வு மரபில் இதற்குப் பின் மொழிநிகர்மைச் சோதனை ஒன்றும் செய்வார்கள். இரு மொழியும் அறிந்தவர்களிடம், பெரும்பாலும் ஆங்கிலத் துறை மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும், சில வார இடைவெளியில் இரண்டு வடிவங்களையும் தந்து ஒட்டுறவை, அதாவது இரு மதிப்பெண்களும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை, கணக்கிடுவது வழக்கம். செய்யலாம், ஆனால் ஆங்கிலம் நன்கறிந்தவர் துருக்கியக் கூற்றின் குறையை ஆங்கில நினைவால் தாமே நிரப்பிக்கொள்வார் என்பதால், உயர்ந்த ஒட்டுறவை இறுதிச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

நெறிமுறை இசைவும் தரவும்

தரவு திரட்டத் தொடங்கும் முன்பே பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் எழுத்து இசைவு வேண்டும். பள்ளிகளில் திரட்டுவதாயின் தேசியக் கல்வி அமைச்சகத்தின் அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் தேவை. 2016-இல் வந்த 6698 எண்ணுள்ள தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவுகளைச் சிறப்பு வகையாகக் கொள்கிறது. ஒப்புதல் படிவத்தை அதற்கேற்ப எழுதுங்கள். உடன் வழங்கும் கருவிகளில் பெக் மனச்சோர்வு வினாநிரல் இருந்தால், அதில் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்வி உண்டு. அதில் உயர்ந்த விடை அளிப்பவருக்கு என்ன உதவி, எவர் வழியாக, எவ்வளவு விரைவில் கிடைக்கும் என்பது முதல் படிவம் கைமாறும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

பங்கேற்பாளர் எண்ணிக்கைக்குக் கூற்றுக்குப் பத்துப் பேர் என்ற பழைய கணக்கு போதாது. பத்துக் கூற்றுகளுக்கு 100 பேரில் காரணி அமைப்பு நிலைகொள்ளாது. குறைந்தது 300 பேரையாவது நோக்கமாகக் கொள்ளுங்கள். ஆண், பெண் ஒப்பீடு செய்வதாயின் ஒவ்வொரு பிரிவிலும் 200 பேருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. உளவியல், கல்வியியல் துறைகளிலேயே திரட்டினால் பெண்கள் மிகுந்து, ஆண்கள் சில பத்துப் பேராகிவிடுவார்கள் என்பதைத் திட்டமிடும்போதே கவனியுங்கள்.

ஒரு சிறு நடைமுறைக் குறிப்பு: துருக்கிய அமைப்பிலுள்ள கணிப்பொறிகள் பதின்மப் புள்ளிக்குக் காற்புள்ளியைப் பயன்படுத்துகின்றன, துருக்கிய எழுத்துமுறையில் புள்ளி வைத்த 'i'-யும் புள்ளியில்லாத 'ı'-யும் வேறு வேறு எழுத்துகள். தரவுக் கோப்பை ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது இரண்டும் குழம்பும். மாற்றியபின் சில வரிகளை மூலப் படிவத்தோடு கண்ணால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அமைப்பைச் சோதித்தல்

மூலக் கருவிக்குத் தெளிவான கோட்பாடும் அமைப்பும் இருப்பதால், முன்பே தெரிந்த அமைப்பு தரவில் பொருந்துகிறதா என்று சோதிக்கும் உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வோடு நேரடியாகத் தொடங்குங்கள். இரு காரணிகள், ஆறும் நான்குமாகக் கூற்றுகள், காரணிகளுக்கிடையே ஒட்டுறவு ஒன்று: இந்த மாதிரிக்குக் கட்டின்மை எண், அதாவது தரவு தரும் தகவல்களின் எண்ணிக்கையிலிருந்து மாதிரி மதிப்பிடும் அளவுகளின் எண்ணிக்கையைக் கழித்தால் எஞ்சுவது, 34 வர வேண்டும். வேறு எண் வந்தால், முடிவைப் படிக்கும் முன் மாதிரியை எழுதியதில் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள். ஆர் என்னும் புள்ளியியல் நிரல்மொழியின் லாவான் தொகுப்பு இதற்கு இலவசமாகக் கிடைக்கிறது. ஏழு படி விடைகளைத் தொடர் மாறியாகக் கொண்டு, இயல்நிலைப் பரவல் இன்மைக்குத் திருத்தம் தரும் மதிப்பீட்டு முறையைப் பயன்படுத்தலாம். விடைகள் ஒரு முனையில் மிகக் குவிந்திருந்தால் வரிசைநிலைத் தரவுக்கான முறைக்கு மாறுங்கள்.

மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று முடிவு செய்ய ஹூ, பென்ட்லர் இருவரும் 1999-இல் தந்த வரம்புகள் பரவலாகப் பின்பற்றப்படுகின்றன: ஒப்பீட்டுப் பொருத்தக் குறியீடு 0.95-ஐ ஒட்டியும், தோராயப் பிழையின் வர்க்கமூலம் 0.06-ஐ ஒட்டியும், தரப்படுத்திய எச்சக் குறியீடு 0.08-ஐ ஒட்டியும் அமைவது நல்ல பொருத்தம். இவை எட்டாதபோது, மென்பொருள் பரிந்துரைக்கும் பிழை இணைப்புகளை (காரணியால் விளக்கப்படாத எஞ்சிய பகுதிகள் இரு கூற்றுகளில் உறவு கொள்ளலாம் என்று விடுவதை) ஒவ்வொன்றாகச் சேர்த்து எண்ணை உயர்த்துவது மிகவும் பரவிவிட்ட தவறான பழக்கம். 1, 3 ஆகிய கூற்றுகளின் பிழைகளை இணைப்பதற்குக் காரணம் உண்டு. ஏறக்குறைய ஒரே சொற்களில் அமைந்த அவை இரண்டும் கவனத்திருப்பலைப் பகிர்கின்றன. கருத்தளவில் உறவில்லாத 5, 9 போன்ற இரண்டை இணைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. ஒரு கூற்றின் காரணிச்சுமை, அதாவது தன் காரணியோடு அதற்குள்ள உறவின் வலிமை, தாழ்ந்திருந்தால் முதலில் மொழிபெயர்ப்புப் பதிவையும் நேர்காணல் குறிப்புகளையும் எடுத்துப் பாருங்கள். நீக்குவது கடைசி வழி.

நம்பகத்தன்மைக்கு ஆல்ஃபாவோடு, அதே நோக்கத்திற்கான மற்றோர் அளவாகிய மெக்டொனால்டின் ஒமேகாவையும் தருக. மூல ஆய்வில் ஆல்ஃபா சராசரியாக மறுமதிப்பீட்டுக்கு 0.79, அடக்குதலுக்கு 0.73. நான்கே கூற்றுகள் கொண்ட அளவுகோலில் இந்த அளவு இயல்பானது, 0.90-ஐ எதிர்பார்க்க வேண்டாம். மறுசோதனைக்கு இரண்டு முதல் நான்கு வார இடைவெளி விட்டு, அதே மனிதர்களின் விடைகளை இணைக்கப் பெயருக்குப் பதிலாகக் குறியீட்டு எண் ஒன்றைப் பயன்படுத்துங்கள். மூல ஆய்வில் மூன்று மாத இடைவெளியிலும் இரண்டு அளவுகோல்களுக்கும் 0.69 கிடைத்தது.

மூல ஆய்வில் ஆண்கள் பெண்களைவிட அதிகம் அடக்குவதாகத் தெரிந்தது. துருக்கியிலும் அப்படியா என்று சராசரிகளை ஒப்பிடும் முன், அளவீட்டு மாறாமையைச் சோதிக்க வேண்டும்: இரு பாலரிடமும் அமைப்பு ஒன்றா, காரணிச்சுமைகள் ஒன்றா, தொடக்க மதிப்புகள் (காரணியின் அளவு சுழியாக இருக்கும்போது கூற்று பெறும் மதிப்புகள்) ஒன்றா என்று படிப்படியாக. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் செல்கையில் ஒப்பீட்டுப் பொருத்தக் குறியீடு 0.01-க்கு மேல் குறையக் கூடாது என்பது சியுங், ரென்ஸ்வோல்ட் இருவரும் 2002-இல் தந்த வரம்பு. துருக்கிய மதிப்பெண்களை அமெரிக்க மதிப்பெண்களோடு ஒப்பிட விரும்பினாலும் இதே சோதனை தேவை. அதற்கு ஆங்கிலத் தரவும் கையில் இருக்க வேண்டும்.

பிற கருவிகளோடு உறவு

ஏற்புடைமைக்கு, அதாவது கருவி அளக்க வேண்டியதையே அளக்கிறது என்பதற்கு, சான்றாகத் துருக்கியத்தில் முன்பே சோதிக்கப்பட்ட கருவிகளை உடன் வழங்குங்கள். நேர்மறை, எதிர்மறை உணர்வு அளவுகோலைக் கென்ச்சோஸ் 2000-இல் தகவமைத்தார். பெக் மனச்சோர்வு வினாநிரலை ஹிஸ்லி 1980-களின் இறுதியில் தகவமைத்தார். மறுமதிப்பீடு நேர்மறை உணர்வோடு ஒட்டியும் மனச்சோர்வோடு எதிராகவும் செல்லும் என்று எதிர்பார்க்கலாம். எதிர்பார்ப்பை, திசையும் ஏறத்தாழ அளவுமாக, தரவைப் பார்க்கும் முன் எழுதிவிடுங்கள்.

அடக்குதலைப் பற்றிய எதிர்பார்ப்பில் நிதானம் வேண்டும். மேலை நாடுகளின் ஆய்வுகளில் அது நலக்குறைவோடு சேர்ந்து வருகிறது. ஆனால் மட்சுமோட்டோவும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் 23 நாடுகளை ஒப்பிட்ட ஆய்வில், சமூக ஒழுங்குக்கும் படிநிலைக்கும் முதன்மை தரும் பண்பாடுகளில் அடக்குதல் மிகுந்தும், இரண்டு உத்திகளும் ஒன்றோடொன்று நேர் உறவு கொண்டும் காணப்பட்டன. துருக்கிய உளவியலாளர் சிதெம் காயித்சிபாஷி, துருக்கியக் குடும்பத்தில் தன்னாட்சியும் நெருங்கிய பிணைப்பும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருக்க முடியும் என்று நெடுங்காலம் எழுதிவந்தார். இந்தப் பின்னணியில், துருக்கியத் தரவில் அடக்குதலுக்கும் மனச்சோர்வுக்கும் உறவு மெலிந்திருந்தால் அதைக் கருவியின் தோல்வி என்று அவசரமாக முடிவு செய்யக் கூடாது; மொழிபெயர்ப்பு பிசகியதா, பண்பாட்டில் அந்தப் பழக்கத்தின் இடம் வேறா என்பதைப் பிரித்தறிய நேர்காணல் குறிப்புகளே உதவும்.

ஆவணப்படுத்தல்

கட்டுரையில் வரும் அட்டவணைகள் பிற ஆய்வாளருக்குப் போதா. இறுதித் துருக்கிய வடிவம் முழுவதும் அறிவுறுத்தலோடும் விடைப்படிகளின் சொற்களோடும், கூற்று வரிசை மாறக் கூடாது என்ற குறிப்பு, மதிப்பெண் கணக்கிடும் முறை, மொழிபெயர்ப்புப் பதிவு, அடையாளம் நீக்கிய தரவு, பகுப்பாய்வு நிரல் ஆகிய அனைத்தையும் ஒரே தொகுப்பாகத் திறந்த களஞ்சியத்தில் வைக்கவும். எந்த வயதினரிடம், எந்தப் பகுதியில், எந்தக் கல்வி நிலையினரிடம் சோதிக்கப்பட்டது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்த வரம்புக்கு வெளியே பயன்படுத்துவோர் புதிய சான்று தேட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மூல ஆசிரியர்களுக்கு ஒரு படி அனுப்பி, துருக்கிய அளவீட்டுக் கருவிகள் அட்டவணையிலும் பதிவு செய்துவிட்டால், அடுத்துத் தேடி வரும் மாணவர் இன்னொரு மொழிபெயர்ப்பைத் தொடங்கும் முன் உங்களுடையதைக் கண்டுகொள்வார்.